மருமகனை ஏசாத ஊர்

முதலில் ஒரு பெரும்பிழையைத் திருத்திவிடுகிறேன், தம்பி. பஸ் கிளம்புவதற்குள் திருத்தினால்தான் எனக்கு மனசு ஆறும். பூவாங்கால் ஊர்க்காரர்கள் ஏசத் தொடங்கியது ஓர் ஆட்டுக்காக என்று உங்கள் கையிலிருக்கும் பத்திரிகையில் போட்டிருக்கிறது. ஆடு இல்லை. பூசணிக்காய். இந்தத் தவறு மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. படித்தவர்களே ஆடு என்கிறார்கள். ஒரு பேராசிரியர் மேடையில் நின்று, ஒலிபெருக்கியில், கூச்சமே இல்லாமல் ஆடு என்றார். நான் கூட்டத்தில் எழுந்து நின்று, பூசணிக்காய் என்றேன். என்னை உட்காரச் சொன்னார்கள். வரலாறு இப்படித்தான் கெட்டுப்போகிறது.

நீங்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். எனக்கு எதிர்க்காற்று ஆகாது.

கேமராவும் கையுமாக ஏச்சு பார்க்க வந்தீர்கள், ஏமாந்து திரும்புகிறீர்கள். ஆனி மாதம் வந்திருக்க வேண்டும். இப்போது ஊருக்குள் யாருடைய காலை மிதித்தாலும் 'பரவால்ல' என்றுதான் சொல்வார்கள். ஏசுவதெல்லாம் ஆண்டுக்கு ஒரு பொழுது. அதற்கு முறை உண்டு. பூவாங்கால்காரர்கள் வாய் கெட்டவர்கள் என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அதுவும் பிழை. அதைப் பிறகு திருத்துகிறேன்.

ஊருக்கு நடுவே வாய்க்கால் போகிறது, பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை. வைகாசியில் வாய்க்கால் வறண்டிருக்கும்போது இரண்டு கரையும் சேர்ந்து தூர் வாரும். வாரி முடித்துவிட்டால் ஆனியில் கார் சாகுபடிக்கு அணையைத் திறப்பார்கள். தண்ணீர் ஊருக்கு வந்துசேர அரைப் பொழுது ஆகும். அந்த அரைப் பொழுதுதான் ஏச்சு. வடகரை இந்தப் பக்கம் நிற்கும், தென்கரை அந்தப் பக்கம் நிற்கும், காய்ந்த வாய்க்காலுக்கு மேலே ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி ஏசுவார்கள். அந்த வருஷத்து மனத்தாங்கல் எல்லாம் அன்றைக்கு வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீரின் தலை படித்துறைக் கல்லைத் தொட்டதும் எல்லா வாயும் மூடிவிடும். பேசியதைத் தண்ணீர் கொண்டுபோயிற்று என்று கணக்கு. அதற்குப் பிறகு ஏசியவரிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, 'ஏன் அப்படிச் சொன்னாய்' என்று கேட்கவும் கூடாது. கேட்டால் ஊர் அவரோடு பேசாது. உடனே பானகம் கரைத்து, ஏசியவரும் ஏச்சு வாங்கியவரும் ஒரே சொம்பில் குடிப்பார்கள்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. சாவையும் நோயையும் சொல்லி ஏசக் கூடாது. இன்னொன்று, பொய் கூடாது. நடந்ததைத்தான் ஏச வேண்டும். அலங்காரம் செய்யலாம், புளுகக் கூடாது.

இனி பூசணிக்காய்க்கு வருகிறேன். தென்கரையில் ஒரு வீட்டுக்காரி நட்ட பூசணிக்கொடி, கோடையில் வறண்ட வாய்க்காலைத் தாண்டி வடகரைக்குப் போய் ஒரு கூரைமேல் ஏறிக் காய்த்தது. வேர் அங்கே, காய் இங்கே. காய் யாருக்கு என்று இரண்டு கரையும் நின்று ஏசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து கொடியையும் காயையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஏச விஷயம் இல்லை, ஆகவே நிறுத்தினார்கள். இதுதான் வரலாறு. யார் வீட்டுக் கொடி என்பது மட்டும் பிடிபடவில்லை. கிளை நூலகத்திலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் அதைத்தான் தேடுகிறேன். சுற்றியுள்ள ஊர்களில் கேட்டேன். தூத்துக்குடி வரை போய், பூவாங்காலில் பிறந்த ஒரு கிழவரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். அவரும் ஆடு என்றார்.

நான் இந்த ஊர்க்காரனா என்று கேட்கிறீர்கள். சரியான இடத்தில் கையை வைத்தீர்கள். என் குறையே அதுதான்.

நான் பெண் எடுத்தது இங்கே. உலகம்மாள் தென்கரைப் பெண். கல்யாணம் முடிந்த சூட்டோடு எனக்கு இந்த ஊர் நூலகத்துக்கே மாற்றல் வந்தது, வடகரையில் வீடு கட்டி இருந்துவிட்டேன். என் தலைமுடி கறுப்பாக வந்தது, நரைத்தது, போயும் போயிற்று, எல்லாம் இங்கேதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து போன வருஷம் வரை, ஓர் ஏச்சில்கூட ஒருவரும் என்னை ஒரு சொல் ஏசியதில்லை.

நல்லதுதானே என்கிறீர்கள். வெளியூர்க்காரர், அப்படித்தான் தோன்றும். கேளுங்கள். இங்கே பெயர் சொல்லி ஏசப்பட்டவன்தான் ஊர்க்காரன். கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முதல் ஆனியில் ஓர் ஏச்சாவது விழ வேண்டும் என்று மாமியார்களே எதிர்க்கரைக்கு ஆள் அனுப்பிச் சொல்லி வைப்பார்கள். ஏச்சு விழாத வீட்டில், அன்றைக்கு உலை வைக்க மனசு வராது.

எப்படி ஏசுவார்கள் தெரியுமா? தென்கரையில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி, இட்லிக் கடை வைத்திருக்கிறாள். வடகரைக்குப் பெரியவர் குத்தாலம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவள் தொடங்குவாள்.

"ஏ குத்தாலம்! கார்த்திகைல எங்க மடைய அடைச்சுட்டு உம்ம மடையத் தொறந்து வச்சீரே, கேட்டதுக்கு எலி தொறந்துச்சுன்னீரே, அந்த எலியப் பாத்தவங்க சொல்லுதாங்க, அது உம்ம மாதிரியே மீசைய முறுக்கிக்கிட்டுல்லா போச்சாம்!"

இரண்டு கரையும் சிரிக்கும். குத்தாலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பதில் சொல்வார்.

"ஏட்டி ஆவுடை! அன்னைக்கு அந்த மடைய அடைக்கக் கல்லு கெடைக்கல்ல. உன் இட்லில ஒண்ணத்தான் வச்சேன். வெள்ளம் வந்து போச்சு, மடை போச்சு, இட்லி இன்னும் அங்கனதான் இருக்கு, போய்ப் பாரு!"

இப்படிப் போகும். வாசு என்று ஒரு டீக்கடைக்காரர், கேரளத்துப் புனலூர் பக்கத்து ஆள், ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வந்த அடுத்த ஆனியிலேயே அவருக்கு விழுந்தது. "ஏ வாசு! நீ போடுததுக்குப் பேரு டீயா? எங்க எருமை மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிட்டுப் போவுது!" வாசு கண் கலங்கிவிட்டார். "இனி ஞானும் பூவாங்கால்காரன்" என்று சொல்லி, அன்று மாலை ஊருக்கே டீ கொடுத்தார். எருமை சொன்னது உண்மை, தம்பி. இருந்தாலும் எல்லாரும் குடித்தோம். எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை. டீயின் குற்றம் மட்டுமில்லை.

மருமகனை ஏசினால் ஊருக்கு ஆகாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதுதான் காரணம் என்று வெளியே சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. உண்மையான காரணம், என் படிப்புக்கு அஞ்சினார்கள். ஒருவர் என்னை ஏசினால் அதில் என்ன பிழை கண்டுபிடிப்பேனோ என்று பயம். வடகரை இளவட்டங்களுக்கு ஏச்சு எழுதிக் கொடுக்க நானாகவே முன்வந்தேன். எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "அத்தான், இதச் சொன்னா அவன் கும்பிட்டுட்டுப் போயிருவான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, குற்றம் செய்தால்தானே ஏசுவார்கள்? அதனால் போன வருஷம் ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த ஆனிக்குள் ஏசத் தக்க மனிதனாகிவிடுவது என்று.

குத்தாலத்தின் பேத்தி கல்யாணத்தில் வாழ்த்துரை வாசித்தார்கள். வரிக்கு வரி நிறுத்தி, மைக்கை வாங்கி, பிழைகளைத் திருத்தினேன். முகூர்த்த நேரம் தப்பும் என்று ஐயர் கையைப் பிசைந்தார். குத்தாலம் வந்து, "மாப்ள களைச்சுப் போயிட்டாரு, எலையப் போடுங்கலே" என்றார். எனக்கு மட்டும் கூட இரண்டு வடை வைத்தார்கள்.

வடை போனால் போகட்டும். என் பசுவை அவிழ்த்து, ஆவுடையம்மாளின் கீரைப் பாத்திக்குள் நானே ஓட்டிவிட்டேன். பசு நன்றாகவே ஒத்துழைத்தது. சாயங்காலம் ஆவுடையம்மாள் மிச்சமிருந்த கீரையைப் பறித்து, மசித்து, தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்தாள். "மாடே இந்த ருசி பாக்குதே, மாப்ள பாக்காம இருக்கலாமா" என்றாள். நல்ல கீரை, குற்றம் சொல்வதற்கில்லை.

தூர் வாரும் நாளில் ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. நான் மருத மரத்தடியில் நாற்காலி போட்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பேப்பர் படித்தேன். போதாது என்று, அவர்கள் மண்வெட்டி பிடிக்கும் விதத்தைப் பற்றிக் கருத்தும் சொன்னேன். வேர்த்து விறுவிறுக்க ஒருவன் மேலே ஏறி வந்தான். வந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்காலியை நிழலுக்குத் தள்ளிப் போட்டுவிட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுப் போனான்.

இதையெல்லாம் உலகம்மாளிடம் சொல்லிப் புலம்புவேன். அவள், "உம்" என்பாள். பேச்சே கிடையாது அவளுக்கு. காலையிலிருந்து படுக்கும் வரை நான் பேசுவேன், அவள் உம் கொட்டுவாள். இவ்வளவு மனப்பொருத்தமுள்ள தம்பதி இந்த வட்டாரத்திலேயே இல்லை. ஏச்சில்கூட அவளுக்கு வருஷா வருஷம் ஒரே ஏச்சுதான் விழும். "ஏ உலகம்மா, வாயில நாக்கு இருக்கா, இல்ல எலி தின்னுட்டா?" அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

இந்த ஆனி வந்தது. குளித்து, சலவை வேட்டி கட்டி, முன்வரிசையில் போய் நின்றேன். ஏச்சு தொடங்கியது. குத்தாலத்துக்கு விழுந்தது, வாசுவுக்கு விழுந்தது, பஞ்சாயத்துக் குழாய் மெக்கானிக்குக்கு விழுந்த ஏச்சில் அவன் உட்கார்ந்தே போய்விட்டான். எனக்கு இல்லை. மேற்கே பனைமரத்தில் ஏறி நின்றவன் துண்டை வீசினான். தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்த வருஷமும் போயிற்றா என்று இருந்தது. வெட்கத்தை விட்டு நானே கத்தினேன்.

"என்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் இல்லையா?"

இரண்டு கரையும் திரும்பி என்னைப் பார்த்தது.

"உங்கள என்னத்தச் சொல்ல, மாப்ள?" என்றாள் ஆவுடையம்மாள். "நீங்க நல்லா இருக்கணும்."

"கீரைப் பாத்தியை மாடு மேய்ந்ததே!"

"மாடு மேஞ்சா மாட்ட ஏசுதேன்" என்றாள். ஏசவும் செய்தாள். அடுத்தவன் பாத்தியில் நாக்கை நீட்டுகிற நாறமூதி என்று தொடங்கி, கொம்பிலிருந்து வால் வரை ஒன்று விடவில்லை. தம்பி, அது என் மாடு. வாங்கி ஒரு வருஷம் ஆகாத மாடு. அது ஊரில் சேர்ந்துவிட்டது.

குத்தாலம் என் பக்கத்தில் வந்து, "மாப்ள, வீட்டுக்குப் போங்க. நீங்க விருந்தாளி" என்றார்.

"விருந்தாளியா! ரேஷன் கார்டு இந்த ஊரில் இருக்கிறது. என் பல் எல்லாம் விழுந்தது இந்த ஊர் மண்ணில். எத்தனை ஆனிதான் ஒரு மனிதன் விருந்தாளியாக இருப்பான்?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. ஏற்ற இறக்கத்தை நான் சரியாகக் கையாளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எங்கள் கரைப் பெண்கள் கூட்டத்திலிருந்து உலகம்மாள் வெளியே வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கினாள். என்னைத்தான் கூட்டிப்போக வருகிறாள், பதற்றத்தில் திசை மாறிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் நேரே நடந்து தென்கரைக்கு ஏறினாள். அவள் தம்பி நம்பிராஜன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஏச்சு எதிர்க்கரையிலிருந்துதான் வர வேண்டும், அதற்காகத்தான். திரும்பி நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"ஏ பிரமநாயகம்!"

மருத மரத்துக் கொக்குகள் எழும்பிவிட்டன. என் பெயர் அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. கணீரென்று இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"எங்கம்மா செத்துக் கெடக்கா, மாரடிச்சு அழுதவளுவள நிறுத்தி, ஒப்பாரில பிழை இருக்குன்னு சொன்ன வாயி இந்த வாயி! தலமாட்டுல நின்னு அவளுவளுக்குப் பாடம் நடத்துன வாயி இந்த வாயி!"

இது சாவைத் தொடுகிறதே, விதிப்படி ஆகுமா என்று எனக்கு ஐயம் வந்தது. குத்தாலத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஏசப்பட்டது சாவு அல்ல, என் வாய்தான். ஆகவே செல்லும்.

"நான் காச்சல்ல கெடந்தேன். கஞ்சி வச்சுட்டு வாரேன்னு அடுப்பங்கரைக்குப் போனீரு. கஞ்சிய மொதமொதல்ல யாரு காச்சுனான்னு பாக்கப் புஸ்தகத்த எடுத்துட்டு வந்தீரு! ராத்திரி பூரா வாசிச்சீரு! கஞ்சி இன்னும் வரல, பிரமநாயகம்! நான் இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

தென்கரை சிரித்தது. வடகரையும் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. 'இந்த வாயி, இந்த வாயி' என்று முடித்த அழகைக் கவனித்தீர்களா? யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்தது. இத்தனை வருஷம் என்னோடு இருந்த பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பொண்ணு மொதப் பிரசவத்துக்கு வந்து வாசல்ல நிக்கா. ஆட்டோக்காரன்கிட்ட ஊருப் பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு நின்னீரு! என்ன பேசுனாலும் உம்முன்னு சொன்னேன். உம்முன்னா சரின்னு அர்த்தமா? அலுத்துப் போச்சுன்னும் அர்த்தம்வே, கூறுகெட்ட மனுசா! ஒருநா, ஒரேயொரு நா, நீ என்னட்டி நெனைக்கேன்னு கேட்டிருப்பீரா?"

யாரும் சிரிக்கவில்லை. கூறுகெட்ட மனுசா, கேட்டீர்களா? இரண்டு கரையும் கேட்க. நான் நிமிர்ந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். மேற்கே சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வருவது தெரிந்தது. அவளும் பார்த்தாள். வேகமாகச் சொன்னாள்.

"பூசணிக்கா பூசணிக்கான்னு ஊரு ஊராப் போனீரே, தூத்துக்குடிக்குப் போனீரே! அது எங்க வீட்டுக் கொடிவே! எங்க பூட்டி நட்ட கொடி! அன்னைக்கு எதுக்கு ஏசுனாங்கன்னு எங்க வீட்டுல பச்சப்புள்ளைக்கும் தெரியும். அது காய்க்கு இல்ல, அவ—"

தண்ணீர் படித்துறைக் கல்லைத் தொட்டது. அவள் வாய் மூடிக்கொண்டது. முறை என்றால் முறை.

அந்த வாக்கியம் முடியவில்லை, தம்பி. காய்க்கு இல்லை என்றால் வேறு எதற்கு? என் ஆராய்ச்சியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தொட்ட பிறகு கேட்கக் கூடாது. இப்போதுதான் ஊர்க்காரனாகியிருக்கிறேன், முதல் நாளே விதியை மீறுவதா? கேட்கவில்லை. எதையும் கேட்கவில்லை.

குத்தாலம் வந்து என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ஏல பிரமநாயகம், வாலே, பானகம் குடி" என்றார். ஏல! வாலே! எனக்குக் கண்ணில் நீர் வந்ததை மறைக்கவில்லை. ஏசியவரோடு ஒரே சொம்பில் குடிக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அவள் அந்தக் கரையில் நின்றுவிட்டாள், நடுவில் தண்ணீர். நான் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவளுக்காக வைத்திருந்தேன். அப்புறம் எறும்பு வந்துவிட்டது.

ஊர் மாறிவிட்டது, தம்பி. மறுவாரமே என் மாடு கீரையில் வாயை வைத்தது. ஆவுடையம்மாள் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டாள். நான் போய்க் கெஞ்சித்தான் அவிழ்த்து வந்தேன். அடுத்த வைகாசிக்கு என் பங்குத் தூர் எது என்று குத்தாலம் இப்போதே கம்பு நட்டுக் காட்டிவிட்டார். நடுவாய்க்கால், சேறு அதிகம். எனக்கு ஒரே பெருமை.

உலகம்மாளா? தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி மனைவிக்கு முழங்கால் வலி, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று நினைக்கிறேன். பாலம் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் பாசி வழுக்கும், அவள் எப்போதும் ஜாக்கிரதையானவள். காலையில் அந்தக் கரைப் படித்துறையில் துவைக்க வருவாள். நான் இந்தக் கரையில் நின்று அன்றைய பேப்பரில் உள்ளதைச் சொல்வேன். தண்ணீர் இரைச்சலில் பாதி கேட்காது போலிருக்கிறது. இட்லிக் கடையில் அவள் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று வாசு சொல்கிறார். வேறு யாரையோ பார்த்திருப்பார்.

அந்த வாக்கியத்தை அடுத்த ஆனியில் முடிக்கிறாளா பார்க்கலாம். அதற்குள் நானாக அவளை ஏசுவதற்கு ஏதாவது யோசித்து வைக்க வேண்டும். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

டவுனுக்கு எதற்குப் போகிறேன் என்றா கேட்டீர்கள்? கேஸ் இணைப்பு அவள் பெயரில் இருக்கிறது. போன வாரம் நம்பிராஜன் வந்து சிலிண்டரையும் ஸ்டவ்வையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். ஒரு கரண்ட் அடுப்பு வாங்க வேண்டும். ஓர் ஆளுக்குச் சமைக்கிற அளவு இருந்தால் போதும் என்று கடைக்காரரிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.